காலியாய் விட்ட இரண்டு வரி

செங்கோடன் அண்ணனை நான் முதலில் பார்த்தது 2023 ஐப்பசியில், மூன்று நாளாக விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில். என் கடைக்குள் வருவதற்கு முன் எதிர்ப்புறம் இருந்த டீக்கடையில் நின்று, இடுப்பிலிருந்த கொடுவாளை எடுத்து, கடைக்காரரிடம் கொடுத்து, "உள்ள வெச்சுக்கோங்க, நான் வந்து கேட்டாத்தான் குடுக்கோணும்" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். கொல்லிமலையில் காட்டுவேலைக்குப் போகிற ஆண்பிள்ளை கொடுவாள் இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. பஸ்ஸில் ஏறினாலும் அது இடுப்பில்தான் இருக்கும். ஓர் அரசாங்க ஆபீஸுக்குள் போகிறவர்கூட அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. என் கடையைப் பெரிய இடம் என்று நினைத்து மரியாதை செய்கிறார் என எடுத்துக்கொண்டேன்.

செம்மேட்டில் நான் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். போர்டில் என் பெயரைவிட அதற்குப் பக்கத்திலிருக்கும் பி.எஸ்சி. பெரிதாக இருக்கும். அப்படி எழுதச் சொன்னது நான்தான். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; பெரக்கரை நாட்டில் எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏறிப் படித்த படிப்பு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் திருத்தம் இவற்றோடு கம்ப்யூட்டர் ஜாதகமும் அடித்துக் கொடுத்துவந்தேன். மலையில் முன்பு ஜாதகம் எழுதும் வழக்கம் இல்லை. சாமியிடம் பூப்போட்டுக் கேட்டுக் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். இப்போது கீழே ராசிபுரம், நாமக்கல் பக்கம் சம்பந்தம் பேசுகிறவர்களிடம் அங்கே ஜாதகம் கேட்கிறார்கள். ஆகவே என்னிடம் ஜாதகத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கல்யாணத்துக்காக வருகிறவர்கள்தான்.

"ஏனுங்க தம்பி, ஜாதகம் அடிக்கறது இங்கதானுங்களா?"

"ஆமாங்கண்ணா. மாப்பிள்ளைக்கா, பொண்ணுக்கா?"

"எனக்குத்தானுங்க."

கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்த மாணிக்கம் அண்ணன் இதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். மலையிலிருந்து கிழங்கு மூட்டை ஏற்றி இறக்கும் பிக்கப் வண்டி ஓட்டுகிறவர். இருவரும் ஒரே ஊர், பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு.

"டேய் செங்கோடா, ரெண்டாங் கல்யாணமா? பானுமதிக்குத் தெரியுமா? நான் போய்ச் சொல்லட்டா?"

"போடா" என்றார் செங்கோடன். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "நான் எப்படிப்பட்ட ஆளுன்னு அதுல போட்டிருக்குமாமுங்களே. அதைத்தான் பாக்கோணும்" என்றார்.

ஆதார் கார்டில் பிறந்த தேதி 5.6.1995 என்றிருந்தது. அந்தத் தேதி எங்கிருந்து வந்ததென்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மலையில் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறபோது பிறந்த தேதி கேட்டால் பெற்றவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஐந்து வயது நிறைந்திருக்கும்படி ஜூன் மாதத்தில் ஒரு தேதியைத் தலைமை ஆசிரியர் எழுதிக்கொள்வார். என்னுடையது ஜூன் 3. நான் பிறந்தபோது குளிர் அடித்தது என்று என் அம்மா சொல்லுவாள். ஆனாலும் கார்டில் இருப்பதை அப்படியே அடித்தேன்.

"பொறந்த நேரம்ணா?"

"அது தெரியாதுங்களே. அம்மா செத்துப்போச்சு. காட்டுல களை எடுத்துக்கிட்டு இருக்கறப்ப வலி வந்துச்சும்பாங்க."

நேரம் போடாமல் அந்த மென்பொருள் அடுத்த பக்கம் போகாது. அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போனது. யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. நேரமில்லாமல் முடியாதண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போர்டில் பி.எஸ்சி. என்று எழுதிவைத்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரையின் ஓரத்தில் கடிகாரம் 11.40 என்று காட்டியது. 11.40 என்று அடித்தேன். கரண்ட் வந்ததும் பிரிண்டரில் இருபத்திரண்டு பக்கம் வந்தது.

தாளை வாங்கிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"தம்பி, இதுல இருக்கறது மாறுமுங்களா?"

"மாறாதுண்ணா. பொறந்தப்பவே எழுதினது."

தலையாட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார். போகிறபோது டீக்கடையில் கொடுவாளைக் கேட்கவில்லை. சாயங்காலம் மாணிக்கம் அண்ணன்தான் அதை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவரை நான் மறந்தே போயிருந்தேன்.

போன கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, குழந்தைக்கு ஆதார் போடுவதற்காகப் பானுமதி அக்கா வந்தார். செங்கோடன் அண்ணனின் மனைவி என்று அப்போதுதான் தெரியும். துண்டில் சுற்றிய பெண் குழந்தை. பெயர் பூங்குழலி. ஆவணியில் பிறந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் பிறந்த நேரம் மூன்று ஐம்பத்திரண்டு என்று நிமிஷக் கணக்காக இருந்தது. வேலை முடிந்ததும் அக்கா எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஓரமெல்லாம் மடங்கிப் புகை ஏறிப்போயிருந்தது. முதல் பக்கத்தின் கீழே என் கடை முத்திரை.

"இது நீங்க குடுத்ததுதானே?"

"ஆமாங்கக்கா."

"இதே மாதிரி இன்னொண்ணு அடிச்சுக் குடுங்க. நல்லதா."

"நல்லதான்னா?"

"நல்ல மனுசனுக்கு வர மாதிரி. காசு எவ்வளவுன்னாலும் தாரேன்."

அப்புறம் அவர் சொன்னது இது. அன்று மழையில் செங்கோடன் என் கடைக்கு வந்ததற்கு ஒரு வாரத்துக்கு முன்பு, கட்டாமல் விட்டிருந்த ஆடு சாமைப் பயிரை மேய்ந்துவிட்டது. கட்டாமல் விட்டது அக்கா. செங்கோடன் ஆட்டைப் பார்த்துக் கொடுவாளை வீசினார். ஆடு துள்ளி ஓடிவிட்டது. கொடுவாள் வாசற்படியில் நின்றிருந்த அக்காவுக்குப் பக்கத்தில் கதவு நிலையில் போய்ச் சொருகிக்கொண்டது.

"தோளுக்கும் அதுக்கும் நாலு விரக்கடை இருந்திருக்கும் தம்பி. நான் அன்னிக்கு ரெண்டு பேச்சுப் பேசினேன், அடுத்த நாள் மறந்துட்டேன். நெலையில பள்ளம் விழுந்துபோச்சு. அதுல ஆணி அடிச்சுப் பை மாட்டியிருக்கறேன். அவருதான் மறக்கல. நான் எப்படிப்பட்டவன், நான் எப்படிப்பட்டவன்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்தாரு. நீங்க தாளைக் குடுத்து உட்டுட்டீங்க."

தாள்கட்டுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. அதையும் என் பக்கம் தள்ளினார்.

செங்கோடன் ஐந்தாவது வரை படித்தவர். ஜாதகத்தில் பலன் என்று வந்திருந்த ஒவ்வொரு வரியையும் நோட்டில் பார்த்து எழுதி, அதற்குக் கீழே தன் பதிலை எழுதியிருந்தார். அமாவாசைக்கு அமாவாசை வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுதுவாராம். எழுத்து பெரிது பெரிதாக, வரியை விட்டு ஏறி இறங்கி இருந்தது.

'ஜாதகர் முன்கோபி.' இதற்குக் கீழே: 'ஆமா. தையில் ஆட்டைக் கல்லால அடிச்சேன். இன்னும் நொண்டுது. வைகாசியில் கதவை உதைச்சேன். ஆவணியில் ஒண்ணும் இல்ல. ஐப்பசியில் ஒரு தடவை வந்துது, வெளிய போயிட்டேன்.'

'பிறர் சொல் பொறுக்காதவர்.' கீழே: 'ஆமா. மாணிக்கம் கேலி பேசினான். சட்டையப் புடிச்சேன். அவன் பயந்தது கண்ணுல தெரிஞ்சுது. அது எனக்குப் பிடிச்சிருந்துது. அதான் தப்பு.'

'தாயிடம் பாசம் மிக்கவர்.' கீழே: 'ஆமா. ஆனா கடைசியா அம்மாகிட்டக் கத்தினதுதான் நெனப்பு வருது.'

'வெளிநாட்டு யோகம் உண்டு.' கீழே: 'இல்ல. பேளுக்குறிச்சிச் சந்தை வரைக்கும்.'

மலை இறங்கினதும் வருகிற சந்தை அது; இதைப் படித்து எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

'லக்னத்தில் செவ்வாய், எட்டில் சனி. சந்திர தசை செவ்வாய் புத்தியில் ஜாதகரின் கோபத்தால் நெருங்கிய இரத்த உறவுக்கு ஆயுதக் காயம் நேரலாம்.'

இதற்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இரண்டு வரி காலியாக விட்டு, அதற்கப்புறம் அடுத்த பலனைத் தொடங்கியிருந்தார். நோட்டில் வேறெங்கும் காலி இடம் கிடையாது. எழுத வேண்டியது இனிமேல்தான் நடக்கும் என்று இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். நோட்டை மூடிவைத்தேன்.

"செவ்வாய் புத்தி ஆடியில தொடங்குதுன்னு போட்டிருக்குதுங்களா? ஆடி ஒண்ணாந் தேதி துணிமணியை எடுத்துக்கிட்டுக் காட்டுக் கொட்டாய்க்குப் போயிட்டாரு. ரத்த ஒறவுன்னா யாரு தம்பி? நான் பொண்டாட்டிதானே. அப்ப என் வவுத்துல இருந்தது இவதான். ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, சன்னல்ல நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு. மூணு மாசம் ஆச்சு, அப்பன் கை இவ மேல படல. சோறு கொண்டுக்கிட்டு இவளைத் தூக்கிட்டுப் போனேன்னா, வேலியில இருக்கற கொடுவாளைத் தூக்கிப் பள்ளத்துல வீசிட்டு, ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டுத் தூரமா நிக்கறாரு. களவாண்டு புடிபட்டவன் மாதிரி."

"மாசியோட அந்தப் புத்தி முடிஞ்சுருமேக்கா."

"அதுக்கப்புறம் ராகு புத்தி. அதையும் படிச்சுட்டாரு. இருபத்திரண்டு பக்கம் குடுத்தீங்களே, ரெண்டு பக்கத்தோட நிறுத்தியிருந்தா உங்க மெசினு கெட்டாபோயிரும்?"

வெள்ளிக்கிழமை குடகுக்கு எஸ்டேட் வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வேன் போகிறது, அதில் பேர் கொடுத்திருக்கிறார் என்றார் அக்கா. "மிளகு பறிக்கப் போறேங்கறாரு. நம்ம காட்டுல இல்லாத மிளகா? திரும்பி வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லல. அதனாலதான் கேக்கறேன். புதுசா ஒண்ணு அடிங்க. கொண்டுபோய்க் காட்டறேன்."

கம்ப்யூட்டரில் அவர் பேரில் பழைய பதிவு இருந்தது. நான் தேதியைத் தொடவில்லை. 11.40 என்பதைச் சாயங்காலம் 5.40 என்று மாற்றினேன். மூன்று விநாடி. லக்னம் மாறியது, லக்னத்தில் இருந்த செவ்வாய் பத்துக்குப் போனது, எட்டில் இருந்த சனி ஐந்துக்கு வந்தது. 'எடுத்த காரியத்தில் நிதானம் உள்ளவர், குடும்பம் போற்றும்' என்று வந்தது. ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போனதும், ஒரு குழந்தை அப்பன் கை படாமல் கிடப்பதும் அன்று நான் ஓரத்தில் பார்த்து அடித்த நான்கு இலக்கத்தில் இருந்தது. பிரிண்ட் பட்டனில் விரலை வைத்தேன். அடித்துக் கொடுத்துவிட்டால் அக்கா போய்விடுவார், எனக்கும் விட்டது தொல்லை. விரலை எடுத்து, நடந்ததை அக்காவிடம் சொன்னேன்.

அக்கா குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"என்கிட்டச் சொல்லிப் பிரயோசனமில்ல. அவருகிட்டச் சொல்லுங்க. நான் சொன்னா, பொண்டாட்டி கட்டிவிட்ட கதைம்பாரு."

"அவரு கையில கொடுவாள் இருக்குமேக்கா."

"இருக்கும்" என்றார் அக்கா. எழுந்து போய்விட்டார்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் போகாமல் தள்ளிப்போட்டேன். வெள்ளிக்கிழமை வேன் போய்விட்டால் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது என்றுகூட ஒரு நேரம் நினைத்தேன். அப்படி நினைத்ததும் எனக்கே என்னவோ போல ஆகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டு மாணிக்கம் அண்ணன் வண்டியில் ஏறினேன். வழியில் அவரிடமும் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"ஜூன் அஞ்சா? எனக்கும் ஜூன் அஞ்சுதானே தம்பி. எங்க வகுப்புல பதினோரு பேருக்கும் ஜூன் அஞ்சுதான். வாத்தியாரு ஒரே மூச்சுல எழுதினாரு. அப்ப எனக்கும் அந்த ஜாதகந்தானா?"

"நேரத்தையும் அதே போட்டா அதேதான்ணா."

"நான் கோழி அறுக்கறப்பவே கண்ணை மூடிக்குவேன். நான் போயி யாரை வெட்டறது?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அவன்கிட்ட மெதுவாச் சொல்லு. நல்லவன்தான். ஆனா அந்த நேரத்துல அவன் மூஞ்சியை நீ பாத்ததில்ல" என்றார்.

ரோடு முடிந்த இடத்தில் வண்டி நின்றது. அதற்கு மேல் அரைமணி நேரம் ஏற வேண்டும். "நீ போ, நான் வண்டியைப் பாத்துக்கறேன்" என்றார் மாணிக்கம். அந்த இடத்தில் வண்டியைத் திருட யார் வரப்போகிறார்கள்.

காலை பத்து மணிக்கும் பனிமூட்டம் கலையவில்லை. பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. மேலே எங்கோ கொடுவாள் சத்தம் மட்டும் கேட்டது. டக், டக், டக். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடிக்கு வெளிச்சம் விழக் கிளை கழிக்கிறார். சத்தம் கேட்கிறவரை எனக்குப் பயமில்லை. பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது. நானும் நின்றேன். திரும்பிவிடலாமா என்று இரண்டு அடி கீழே வைத்தேன்.

"யாரு?" என்றார் மூட்டத்துக்குள்ளிருந்து.

"நான்தாண்ணா. இ-சேவை."

அவர் வெளிப்பட்டபோது இளைத்துப்போயிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கையில் கொடுவாள். என்னைக் கண்டதும் அதைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டார். "ஏனுங்க தம்பி, இந்தக் குளுருல. பாப்பாவுக்கு ஏதாச்சும்?" என்று கேட்டார்.

"பாப்பா நல்லா இருக்குது. நான் ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காதீங்க." சொல்லிவிட்ட பிறகுதான், அவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை அதுதான் என்று உறைத்தது.

ஒரே மூச்சில் சொன்னேன். பள்ளிக்கூடத்துத் தேதி. பதினோரு பேர். நேரம் நான் போட்டது. அந்தச் சமயத்தில் கடிகாரத்தில் இருந்தது.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பதினொண்ணு நாப்பதுங்கறது... நீங்க போட்டதா?"

"ஆமாங்கண்ணா."

"மாறாதுன்னு சொன்னீங்களே. வாசல்ல நின்னு கேட்டேனே உங்களை."

"சொன்னேன்ணா."

"ரெண்டு வருசம்" என்றார். "எம்புள்ள பொறந்து மூணு மாசம்." கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் இருந்த கை முன்னால் வந்தது. கொடுவாளைப் பிடித்த விரலெல்லாம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். ஓர் அடி என்னை நோக்கி வைத்தார். நான் பின்னால் நகர்ந்தபோது ஈரப் பாறையில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. மாணிக்கம் அண்ணன் சொன்ன அந்த முகத்தை அன்று நான் பார்த்தேன்.

அவர் குனிந்தார். கொடுவாளைத் தரையில் வைத்தார். வைத்து, அதன் பிடிமேல் காலை ஊன்றி நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"போங்க தம்பி. அந்தப் பலா மரத்துகிட்டப் போய் நில்லுங்க. நான் கூப்புடற வரைக்கும் இங்கிட்டுப் பாக்காதீங்க."

போய் நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியாது. மூட்டம் கொஞ்சம் விலகிக் கீழே வண்டி ஒரு பொட்டு போலத் தெரிந்தது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டபோது திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. வெறுங்கையோடு வந்திருந்தார். முகம் கழுவியிருந்தார்.

"உங்களை வெட்டிப்போடலாம்னு வந்துச்சுங்க" என்றார். வெட்கப்படுகிற மாதிரி இருந்தது குரல்.

"தெரிஞ்சுதுண்ணா."

"முன்னெல்லாம் வீசினதுக்கு அப்புறந்தான் கோவம் வந்ததே தெரியும். இப்ப அது ஏறி வரப்பவே தெரியுது. தாளைப் பாத்துப் பாத்து எழுதினேனுங்களா, மொதல்ல எங்க சூடு ஏறும், எந்தக் கை மொதல்ல நகரும்னு எனக்கு அத்துப்படி."

"அப்ப தாள்தான் பொய். நீங்க எழுதினது நெசம். ஊட்டுக்கு வாங்கண்ணா."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இப்பத்தான் தம்பி எனக்கு நெசமாலுமே பயமா இருக்குது. தாள் இருந்தப்ப, ஆடியில வருது மாசியில போவுதுன்னு ஒரு கெடு இருந்துச்சு. செவ்வாய் செய்யுது, சனி செய்யுதுன்னு அதுக தலையில போட்டுக்கிட்டேன். இப்ப அதுக ரெண்டும் இல்ல. கதவு நெலையில இருக்கற பள்ளம் மட்டும் இருக்குது. அது என் கைதானே? எனக்கு யாரு கெடு சொல்லுவா?"

நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் அவரேதான் கேட்டார்: "குடகுக்குப் போனா அங்கயும் இந்தக் கைதான வரும்?"

"ஆமாங்கண்ணா."

கொட்டாய்க்குள் போய்த் துணிப்பையை எடுத்துவந்தார். கொடுவாளைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்து, நீங்க முன்னால நடங்க என்றார். அதைக் கையில் வாங்கியபோது கனமாக இருந்தது. கீழே இறங்குகிறவரை என் பின்னால் ஐந்தடி விட்டே வந்தார். வண்டிக்கருகில் வந்ததும் மாணிக்கத்தைப் பார்த்து, "உனக்கும் அதே தாளுதானாம்டா" என்றார். "அதான் சொல்றேன், நம்ம பதினோரு பேரையும் ஒண்ணாப் புடிச்சு ஜெயில்ல போட்டுறலாம், ஊரு நிம்மதியா இருக்கும்" என்றார் மாணிக்கம். செங்கோடனின் உதடு லேசாக அசைந்தது. சாக்குப் பொட்டலத்தை மாணிக்கத்தின் மடியில் வைத்தேன். "இது இனி உங்கூட்டுல இருக்கட்டும்டா" என்றார் செங்கோடன்.

குண்டனி நாட்டில் அவர் வீட்டு வாசலில் பானுமதி அக்கா நின்றிருந்தார். கதவு நிலையில் பை தொங்கியது. செங்கோடனுக்கு முதலில் கண் போனது அந்தப் பைக்குத்தான். அக்கா அவர் கையைப் பிடித்துச் சுவரோரமாக உட்காரவைத்து, குழந்தையை மடியில் போட்டார். அவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டார், தண்ணீரில் இறங்குகிற ஆள் மாதிரி.

"புடிங்க. உருண்டு விழுந்துருவா."

"வேண்டாம் புள்ள. எடுத்துக்கோ."

"அப்ப விழட்டும்" என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

குழந்தை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் கை தானாக இறங்கிப் பிடித்துக்கொண்டது. கை நடுங்கிய நடுக்கத்தில் குழந்தையின் தலையிலிருந்த குல்லாய் ஆடியது. அது அழவில்லை. அவர் தாடியைப் பிடித்து இழுத்தது. அவர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்.

கிளம்பும்போது, அக்கா என் கடையில் விட்டுப்போன நோட்டையும் ஒரு பேனாவையும் அவர் பக்கத்தில் வைத்தேன். அந்தக் காலி இடத்தில் 'இல்ல' என்று எழுதிவிடுங்கள், முடிந்துபோகும் என்றேன். அவர் பக்கத்தைத் திருப்பி அந்த இரண்டு வரியைப் பார்த்தார்.

"எழுத மாட்டேனுங்க. இல்லன்னு எழுதிட்டா மறந்துருவேன். நான் சாகற வரைக்கும் அந்த எடம் இப்படியே இருக்கோணும்."

மறுநாள் குடகுக்கு வேன் போனது. அவர் அதில் ஏறவில்லை. நேரம் தெரியாதவர்களுக்கு நான் இப்போது ஜாதகம் அடிப்பதில்லை. முடியாது என்று சொல்லிவிடுகிறேன். போர்டில் பி.எஸ்சி. அப்படியேதான் இருக்கிறது.

இந்தச் சித்திரையில் பூங்குழலிக்கு எட்டு மாதம். செங்கோடன் தன் வீட்டில்தான் இருக்கிறார். காலையில் மாணிக்கம் வீட்டில் கொடுவாளை வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறார், சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறார். அமாவாசைக்கு நோட்டு எழுதுகிறார். குழந்தையைத் தூக்குகிறார். ஆனால் இன்னும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான்.